துணையிருக்கும் உரிமை

சீகிரியாவின் குன்றையும் ஓவியங்களையும் காணச் செல்வோர், அருகே தம்புள்ளை வழியாகச் செல்லும் பழைய வடபாதையில் மடிந்தவர்களை நினைப்பதில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய கோப்பிக் காலத்தில், தமிழகத்து உழைப்பாளர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் மேலான காட்டுவழியைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் உடன் நடந்தன. விழுந்தவர் பலர் வழியிலேயே விடப்பட்டனர். கணவன் விழுந்தால் மனைவி என் செய்வாள்? தங்கினால் உணவில்லை, கூட்டத்தைப் பிரிந்தால் காட்டில் காப்பில்லை, கங்காணியிடம் பட்ட கடனோ காத்திராது. அன்பு குன்றியதால் அன்று, நின்று பேண வழியற்றதால் பிரிந்தனர்.

1872இல் தோட்ட மருத்துவத்திற்கெனச் சட்டம் வந்தது. 1951இல் அரசு வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிந்தது. நோயாளிக்கு இடம் கிடைத்தது, துணையிருப்பவருக்கு?

நோயாளியைப் பேணுவது பலர் கூடிச் செய்யும் பணி என்பதை மருத்துவ வரலாறே காட்டுகிறது. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தளர்ந்தோருக்கு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கையால் காற்றுப்பையை அழுத்தி உயிர் காத்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தக் கூட்டுழைப்பில் பிறந்தது.

ஆனால் அப்பிரிவின் கதவுக்கு வெளியே வாரக்கணக்கில் காத்திருக்கும் மனைவிக்கோ கணவனுக்கோ முறைமாற ஆளில்லை. நாட்கூலிக்கு உழைப்பவர் அங்கே அமரும் ஒவ்வொரு நாளும் கூலியற்ற நாள். அவருக்குக் கூலியுடன் விடுப்பும், தங்க இடமும், உணவும் வேண்டும். இது இரக்கத்தால் இடும் பிச்சை அன்று. வடபாதையில் மறுக்கப்பட்ட உரிமை.