பள்ளிக்கூடம் விட்ட பொறகு...

சாயங்காலம் பையன் பையை வீசிட்டு டியூசனுக்கு ஓடறான். கோபி பக்கத்துக் கிராமத்துல வளர்ந்த எங்க அப்புச்சி சிரிச்சாரு: "எங்களுக்கு மூணு மணி நேரந்தேன் பள்ளிக்கூடம் சாமி. அப்பறம் மாடு மேய்க்கோணும்."

நெசந்தானுங்க. 1953 ஜூன்ல ராஜாஜி கொண்டுவந்த புதுத் தொடக்கக் கல்வித் திட்டம் அது. கிராமத்துப் பள்ளிகள்ல தினம் ரெண்டு முறை வகுப்பு, ஒரு பிள்ளைக்கு மூணு மணி நேரம் மட்டும். இருக்குற கட்டடம், வாத்தியாரை வெச்சே நிறையப் பேருக்குச் சொல்லித்தரலாம்கறது கணக்கு. மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கணும். பெரியாரும் திமுகவும் 'குலக்கல்வி'ன்னு எதிர்த்தாங்க. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதல்வரானார். மே மாசமே திட்டம் ரத்து.

ஆனா அப்புச்சியை வீட்டுல திருப்பி அனுப்பல. மாட்டை யாரு பாக்கறது?

அவரை அப்ப யாரும் கேக்கல. டியூசனுக்கு அனுப்பறப்ப நானும் பையனைக் கேக்கலீங்க.