ராவி எடுக்கப்படும் முத்திரை: நகல் துப்பாக்கியும் 'அசல்' என்ற கதையாடலும்

அசல் என்பது கண்டெடுக்கப்படுவது அல்ல, செய்யப்படுவது. இதை வெறும் கோட்பாடாகச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். எனவே ஒரு துப்பாக்கியை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய போர்களை வேஷம் கட்டி மீண்டும் நடத்திப் பார்க்கும் குழுக்கள் உண்டு. அவர்கள் தூக்கும் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கி நகல்களில் இந்தியாவில் செய்து கப்பலேறியவை நிறைய. தீப்பொறி உள்ளே போகும் சிறு துளையைப் போடாமலே அனுப்புவார்கள். துளை இல்லாதவரை அது சுடாத இரும்பும் கட்டையும்தான். போய்ச் சேர்ந்த பிறகு இரண்டாவது வேலை ஆரம்பிக்கிறது. வாங்கியவர் பளபளக்கும் வார்னிஷைச் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறார். தடித்த கட்டையைச் சீவி மெலிய வைக்கிறார். நம் நாட்டு மரம் வால்நட் மாதிரித் தெரியச் சாயம் ஏற்றுகிறார். கடைசியாக, செய்த நாட்டின் பெயரையும் விற்ற கடையின் குறியையும் அரத்தால் ராவி எடுத்துவிட்டு, கிரீடமும் 'டவர்' என்ற எழுத்தும் பொறித்துக்கொள்கிறார். 'ஃபார்ப்' என்பது காலத்துக்கு ஒவ்வாமல் வருபவனைக் கேலி செய்யும் அவர்களது வசைச்சொல். அந்த ஒவ்வாமையை நீக்குவதால் இந்த வேலைக்கு 'டீஃபார்பிங்' என்று பெயர்.

கவனியுங்கள். நீக்கப்படுவது முதலில் உழைத்தவனின் அடையாளம். சேர்க்கப்படுவது பேரரசின் அடையாளம். இந்தியத் தொழிலாளியின் கை தெரியாமல் போகும்போதுதான் பொருள் 'உண்மையானது' ஆகிறது.

சரிங்க, இதுக்கும் கொங்குக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். சம்பந்தம் துப்பாக்கியின் பெயரிலேயே இருக்கிறது. பிரவுன் பெஸ் வகைகளில் 'இந்தியா பாட்டர்ன்' என்று ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காகச் செய்வித்த மாதிரி அது. பிரிட்டிஷ் ராணுவத்தின் அன்றைய துப்பாக்கிக் குழல் 42 அங்குலம், கம்பெனியுடையது 39 அங்குலம். செலவு குறைவு, செய்வது சுலபம். 1790களில் பிரெஞ்சுப் போர் வந்ததும் ராணுவமே கம்பெனியிடமிருந்து அதை வாங்கியது, பின்பு தன் மாதிரியாகவே ஏற்றுக்கொண்டது. நம்மை அடக்கச் செய்த மலிவு ஆயுதம் ஐரோப்பாவின் பொது ஆயுதமானது.

1800 ஜூன் 3இல் கோவையில் கம்பெனிப் படை மீது கிளர்ச்சியாளர்கள் பாய்ந்த காலத்தையோ, 1805 ஜூலை 31இல் சங்ககிரியில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட காலத்தையோ நாடகத்தில், சினிமாவில், அருங்காட்சியகத்தில் காட்ட வேண்டுமானால், கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியைத் திருகாணி வரை சரியாகச் செய்துவிடலாம். அதில் இருக்க வேண்டியது மன்னரின் கிரீடம் அல்ல, கம்பெனியின் சரக்கு மூட்டைகளில் குத்திய அதே இதய வடிவ முத்திரை. 1808 வாக்கில்தான் அது நின்றெழும் சிங்கமாக மாறுகிறது. எனவே சிங்கம் போட்டால் தவறு. இவ்வளவு துல்லியம் எப்படிக் கிடைத்தது? ஜெயித்தவன் கணக்கு எழுதினான், மாதிரி வைத்தான், மிச்சத்தைக் கிடங்கில் பூட்டினான்.

இனி எதிர்ப்பக்கத்துத் துப்பாக்கிக்கு வருவோம். தெற்கத்திப் பாளையங்கள் வீழ்ந்ததும் 1801 டிசம்பர் 1இல் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் அங்கே மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே ஒழித்தது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு மட்டும் விலக்குத் தந்தது. ஓடாநிலையில் பீரங்கி வார்த்த கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் நகல் எடுக்க அளவுப் புத்தகம் இல்லை. 'வரலாற்றுத் துல்லியம்' என்ற அளவுகோலே தோற்றவனுக்கு எதிராகச் சாய்ந்த தராசு.

இந்த வெற்றிடத்தை நாம் எதைக் கொண்டு நிரப்பினோம்? ஆடிப் பதினெட்டு விழாவின் சுவரொட்டிகளைப் பாருங்கள். குதிரை, வாள், முறுக்கு மீசை. திரி வைத்துச் சுடும் துப்பாக்கி அந்தப் பிம்பத்தில் இல்லை. காரணம் சான்று இல்லாதது மட்டுமா? வாள் ஒரு தனி வீரனின் பொருள். துப்பாக்கிக்குப் பின்னால் பலர் நிற்க வேண்டியிருக்கிறது. குழல் அடித்த கொல்லர், கட்டை செதுக்கிய தச்சர், உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்த உப்பிலியர், கரி சுட்டவர். துப்பாக்கியை உள்ளே விட்டால் இவர்களும் கூடவே உள்ளே வருவார்கள். ஒரு சாதியின் பெருமிதக் கதையாடலுக்கு அது சங்கடம். அரம் வெள்ளைக்காரன் கையில் மட்டும் இல்லை.

வாய்வழியாக மருந்திட்டு இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி செத்துப்போன பொருளும் அல்ல. 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கென அதற்கு உரிமம் தருவதைத் தனியே பேசுகிறது. காட்டுப் பன்றி இறங்கும் மலையடிவாரத்தில், "காயிதம் இருந்தா காவலுங்க, இல்லைன்னா கேசுங்க" என்பார்கள். ஏறக்குறைய அதே பொறிநுட்பம் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் மரபு, மலைவாசி வீட்டுக் கூரையில் குற்றம். எது அசல் என்பதை முடிவு செய்வது இரும்பு அல்ல, அது யார் கையில் இருக்கிறது என்பதே.

நகல் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்யலாம். கம்பெனித் துப்பாக்கியில் இதய முத்திரை இருக்கட்டும். பக்கத்திலேயே இன்று அதைச் செய்த பட்டறையின் பெயரும், ஆண்டும், செய்தவரின் பெயரும் அழியாமல் இருக்கட்டும். சின்னமலையின் படையாள் கையில் ஒரு திரித் துப்பாக்கியைக் கொடுங்கள். கீழே பலகையில், 'இது நம் ஊகம், அளவுகள் அழிக்கப்பட்டன, அழித்தவர் இன்னார்' என்று எழுதுங்கள். அந்தப் பலகைதான் அங்கே இருக்கக்கூடிய ஒரே அசல்.