தேர்ச் சக்கரமும் வெள்ளோட்டமும்

காவிரிப் படுகையின் தேர்களுள் மிகப் பெரியதான திருவாரூர் தியாகராசர் கோயில் ஆழித்தேர், அலங்காரம் முடிந்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது எனக் கூறப்படுகிறது. ஆயினும் இவ்வளவு பாரம் சுமக்கும் வண்டியில் திசைமாற்றும் கருவி எதுவும் இல்லை. அதன் அச்சுகள் அடிச்சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருப்பதால், சக்கரங்கள் நேராக உருள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது.

தேரைத் திருப்பும் வேலை முட்டுக்கட்டை போடுவோருடையது. முட்டுக்கட்டை என்பது உருளும் சக்கரத்தின் முன்னே இடப்படும் ஆப்பு வடிவ மரக்கட்டை. இடப்புற முன்சக்கரத்துக்கு அதைக் கொடுத்தால் அச்சக்கரம் தடைப்பட, வடம் இழுக்கும் வேகத்தில் வலப்புறம் முந்திக்கொள்ள, தேர் இடப்பக்கம் திரும்பும். ஓடும் தேரின் அடியில் குனிந்து, கட்டையை எந்தக் கோணத்தில் எப்போது வைப்பது, எப்போது கையை எடுப்பது என்பதைக் கணத்தில் தீர்மானிக்க வேண்டிய இத்தொழில், தச்சுக் கலைக்குக் கிடைத்த புகழில் சிறு பங்கைக்கூடப் பெறவில்லை. வீதி முனைகளில் கட்டை மட்டும் போதாது. இரும்புத் தகடுகளைப் பரப்பி, கிரீஸ் தடவி, அவற்றின்மேல் சக்கரங்களைச் சறுக்கவிட்டே தேரைத் திருப்புகின்றனர்.

சக்கரங்களின் கோணத்தையும் இணைத்தன்மையையும் சரிபார்ப்பதை மோட்டார்ப் பட்டறைகள் வீல் அலைன்மென்ட் என்கின்றன. தேருக்கும் இத்தகைய சோதனை தேவை. மரச் சக்கரங்கள் வெயிலில் காய்ந்தும் மழையில் ஊறியும் வெடித்து வட்டம் கெடும். ஒரு சக்கரம் மற்றதைவிடச் சிறுத்தாலும் மேலே உயர்ந்த விமானம் அப்பக்கம் சாயும். முன் அச்சும் பின் அச்சும் இணையாக இல்லாவிடில் தேர் வீதியின் ஓரத்தையே நாடும். இக்குறைகளைத் திருவிழா நாளில் கண்டறிவது ஆபத்து என்பதால்தான், புதிதாகவோ பழுதுபார்த்தோ முடித்த தேரை உற்சவ மூர்த்தி எழுந்தருளாமல் முதலில் இழுத்துப் பார்க்கும் வெள்ளோட்டம் என்னும் வழக்கம் நிலவுகிறது. அது வெறும் சடங்கு எனக் கருதுவது பிழை. ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குப் பின் 2015-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் புதிய தேரும் வெள்ளோட்டத்துக்குப் பிறகே திருவிழாவில் ஓடியது.

ஆழித்தேரின் பழைய வடிவம் 1920-களில் தீக்கிரையானது. மீண்டும் கட்டப்பட்டு 1930 முதல் ஓடிய தேர் 1948-க்குப் பின் நின்றுபோக, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1970-இல் தேரோட்டம் மீண்டும் தொடங்கியது. திருச்சி பெல் நிறுவனம், அதாவது மின்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் பொதுத்துறை ஆலை, இத்தேருக்கு இரும்பு அச்சுகளையும் சக்கரங்களையும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்தித் தந்தது. இரும்பு வந்தபின் சக்கரம் வெடிக்கும் அச்சம் நீங்கியது. தேரை நிறுத்துவதும் எளிதாயிற்று. திருப்பும் முறையோ மாறவில்லை: முட்டுக்கட்டை போடுவோர் இல்லாமல் ஆழித்தேர் இன்றும் நிலையை விட்டுப் புறப்படுவதில்லை.