கண்ணாடி காத்த கலை

இரத்தினத் தீவு எனப் பெயர்பெற்ற இலங்கையில், கல்குடா முதல் மன்னார் வரை வாழும் நேயர்களுக்கு மணிக்கற்களின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கல்லைப்போல் மிளிரும் கண்ணாடிக்கும் ஒரு வரலாறு உண்டு.

உரோமர் மணிக்கல்லில் உருவங்களைக் குடைந்து, மோதிரத்திற் பதித்து, முத்திரையாக வழங்கினர். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1937ஆம் ஆண்டில் கிடைத்த, அகஸ்தசு மன்னனின் தலை செதுக்கியது எனக் கருதப்பட்ட கல் அத்தகையதே. அக்கல்லை வாங்க இயலாதார்க்கு, அதே உருவம் கண்ணாடியில் வார்க்கப்பட்டது. கண்ணாடியை மணியென விற்போர் பெரும்பொருள் ஈட்டியதை முதலாம் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தொழில் நேர்வழிப்பட்டது. கிளாஸ்கோவை அடுத்து 1735இல் பிறந்த ஜேம்ஸ் டாசி, டப்ளினில் மருத்துவர் ஹென்றி குவினுடன் கூடி, நுண்ணிய கோடுகளையும் ஏற்கும் கண்ணாடிக் கலவை ஒன்றை உருவாக்கினார். 1766இல் லண்டன் சென்று, செல்வர் பேழைகளிலிருந்த மணிகளை அச்செடுத்து வார்த்தார். உருசியப் பேரரசி கத்தரீன் அவற்றின் தொகுதியொன்றை வரவழைத்தார். 1791இல் ராஸ்பே வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 15,800 உருவங்கள் இடம்பெற்றன. பலர் அவற்றை மோதிரத்திலும் பதக்கத்திலும் பதித்து அணிந்தனர்.

போலி தீதோ? மணியென்று சொல்லி விற்பின் அது வஞ்சகம். கண்ணாடியென்று சொல்லித் தரின் அது கல்வி. அரசர் பேழையில் அடைபட்டிருந்த கலையை மாணவர் கண்முன் கொணர்ந்தது கண்ணாடியே. மூலக்கல் மறைந்துபோன இடத்தில் அதன் சாயலைக் காப்பதும் அதுவே. எனவே, பழம்பேழையில் உருவம் பொறித்த நகையொன்று அகப்படின், கல்லன்று என்று எறிந்துவிடாது, அது எக்கல்லின் சாயல் என்று ஆராய்வதே அறிவுடைமையாகும்.