ஓடாத உலை

டான்யூப் நதிக்கரையில், வியன்னாவுக்குக் கொஞ்சம் மேற்கே, ட்ஸ்வென்டன்டார்ஃப் என்று ஓர் ஊர். (பெயரை இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள், பழகிவிடும்!) அங்கே ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. உலை, டர்பைன், கன்ட்ரோல் ரூம்... எல்லாம் பக்கா. ஆனால், அணுவைப் பிளந்து ஒரு பல்பைக்கூட அது எரிய வைத்ததில்லை!

கட்ட ஆரம்பித்தது 1972-ல். சுமார் 700 மெகாவாட். வேலை முடியும் நேரத்தில் எதிர்ப்பு கிளம்பியது. கழிவை எங்கே கொட்டுவீர்கள், பூகம்பம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். பிரதமர் புரூனோ கிரைஸ்கி, 'சரி, மக்களே சொல்லட்டும்' என்று 1978 நவம்பர் 5-ம் தேதி ஓட்டுக்கு விட்டார். தோற்றால் பதவியை விட்டுவிடுவேன் என்கிற மாதிரியும் பேசி வைத்தார். விடுவார்களா? உலை பற்றிக் கவலையே இல்லாத எதிர்க்கட்சிக்காரர்கள் பலரும், ஆளைக் கவிழ்க்க இதுதான் சான்ஸ் என்று 'வேண்டாம்' போட்டார்கள். வேண்டாம் 50.47 சதவிகிதம். வித்தியாசம் முப்பதாயிரம் ஓட்டுகூட இல்லை! கிரைஸ்கி பதவி விலகவில்லை. அடுத்த வருஷமே தேர்தலில் அமோகமாக ஜெயித்தார். அணுமின்சாரத்துக்குச் சட்டப்படி தடை வந்தது.

1986-ல் செர்னோபில் வெடித்தது. கதிர்வீச்சுத் தூசு ஆஸ்திரியாவிலும் கொட்டியது. 'அப்பவே சொன்னோமே' என்றார்கள். நியாயம்தான்.

ஆனால், மின்சாரம் வேண்டுமே? சில கிலோமீட்டர் தள்ளி டூர்ன்ரோரில், 1987-ல் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. நிலக்கரி! ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி கக்கும் கரியமில வாயு சுமார் 820 கிராம். அணு உலைக்கு, கட்டுமானத்தையும் சேர்த்து, 12 கிராம்தான் என்கிறது ஐ.நா-வின் பருவநிலைக் குழு. 1978 வாக்குவாதத்தில் கரியமில வாயுவைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? டூர்ன்ரோரில் நிலக்கரி நின்றது 2019-ல். அதாவது 32 வருஷப் புகை.

ஆல்ப்ஸ் ஆறுகள் பாதிக்கு மேல் மின்சாரம் தருவதால் ஆஸ்திரியாவுக்குச் சமாளிக்க முடிந்தது. ஆறு இல்லாத நாடு இதே ஓட்டைப் போட்டிருந்தால் பாடு திண்டாட்டம்தான். அதே ஆஸ்திரியர்கள், செக் நாட்டின் டெமலின் உலையை எதிர்த்து 2000-ல் எல்லைச் சாலைகளை மறித்தார்கள்.

ட்ஸ்வென்டன்டார்ஃப் என்னாச்சு? பாகங்களைக் கழற்றி ஜெர்மனி உலைகளுக்கு ஸ்பேராக விற்றார்கள். கதிர்வீச்சே கிடையாது என்பதால் ஜெர்மன் ஊழியர்கள் அங்கே வந்து டிரெய்னிங் எடுத்தார்கள். 2009-ல் வளாகத்தில் சோலார் பேனல் வைத்தார்கள். அது ஓடுகிறது!