சர்ப்பகந்தி: ஒரு மருந்தும் அதன் பெயர்களும்

உளநோய்க்கு மருந்து வாய்த்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1952-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். பாரிசு நகரில் குளோர்புரோமசின் உளநோயாளர்க்கு வழங்கப்பட்ட ஆண்டு அது. அதற்கு 21 ஆண்டுகள் முன்னரே, 1931-இல், கணநாத் சென், கார்த்திக் சந்திர போசு ஆகிய இருவரும் 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்டு' என்னும் இதழில் எழுதிய கட்டுரை, சர்ப்பகந்தி வேர் பித்துக்கும் மிகு குருதியழுத்தத்திற்கும் மருந்தாம் எனத் தலைப்பிலேயே அறிவித்தது. அறிவித்தும் அது எடுபடாமல் நின்றது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பீகாரில் இவ்வேர் 'பாகல் கீ தவா', அதாவது பித்தர் மருந்து, என்ற பெயராலேயே கடைத்தெருவில் விற்கப்பட்டது. தமிழ் மூலிகைப் பட்டியல்களில் காணும் 'சிவன் அமல்பொடி' என்னும் பெயரோ பயனைச் சுட்டவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் வான் ரீடு தொகுத்த மலபார் மூலிகை நூல் இச்செடியைச் 'சுவன்ன அமல்பொடி' என்று குறிக்கின்றது. சுவன்ன எனின் மலையாளத்தில் சிவந்த என்பது பொருள். செடியின் பூக்காம்பும் செந்நிறமுடையது. அச்சொல்லே தமிழில் 'சிவன்' எனத் திரிந்தது என்பது எம் கருத்து. இறைவன் பெயர் பெற்ற மருந்தென்று விளக்கம் கூறுவார் இதனை எண்ணுதல் வேண்டும்.

1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் எழுதிய பின்னரே குருதியழுத்தப் பயனை மேனாட்டார் கருத்திற் கொண்டனர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் சீபா நிறுவன ஆய்வாளர் வேரினின்று ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். நியூயார்க்கில் நேதன் கிளைன் உளநோயாளரிடம் கண்ட பயனை எழுதியது 1954-இல். இக்காலத்தாழ்வுக்குப் புறக்கணிப்பு ஒன்றே காரணமன்று. வேரிலுள்ள காரப்பொருள்கள் பல; அவற்றின் அளவும் வேருக்கு வேர் மாறும். தூயபொருள் கிட்டிய பின்னரே அளவறிந்து கொடுத்து ஒப்பிடல் இயன்றது. ஆயினும், 1931-ஆம் ஆண்டுக் கட்டுரையை வரலாற்று நூலார் அடிக்குறிப்பாகவேனும் காட்டாது விடுதல் முறையன்று.

ரெசர்ப்பின், நரம்பணுக்களில் செரோட்டோனின், நாரட்ரினலின், டோப்பமின் ஆகியவை சேமிக்கப்படுவதைத் தடுக்கின்றது. கிளர்ச்சி தணிந்ததும் அதனாலேயே. நடுக்கமும் விறைப்பும் தோன்றியதும் அதனாலேயே. மனச்சோர்வு உண்டாக்கும் என்ற அச்சமும் சேர, உளநோய் மருத்துவத்தில் குளோர்புரோமசினுக்கு அது இடம் விட்டது; குருதியழுத்தத்திற்கு மட்டும் சிற்றளவில் நெடுங்காலம் வழங்கியது. 1957-இல் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், ரெசர்ப்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களையும் சுண்டெலிகளையும் டோப்பா கொடுத்து எழச் செய்தார். நடுக்குவாதத்திற்கு இன்றும் வழங்கும் லெவோடோப்பா மருத்துவம் அவ்வழியே வந்தது.