சங்குங்லோ என்ன சொன்னார்? – மலாய்ப் படைவீரரின் தடம் தேடிய ஒரு பயணம்

கொம்பனித்தெருவில் ஒரு வீதிக்குப் பெயர் றைபிள் வீதி. அதே வட்டாரத்தில் மலே வீதி, ஜாவா லேன். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இன்று இவை வெறும் முகவரிகள்தான். கடிதத்தில் எழுதுகிறோம், த்ரீவீல்காரருக்குச் சொல்கிறோம், அவ்வளவு. ஒரு படையணி எழுபது வருடங்களுக்கு மேலாக இந்நாட்டில் இருந்து, 1873இல் கலைக்கப்பட்டு, தன் பெயரை வீதிப் பலகையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இலங்கை றைபிள் படையணியின் கதை ஒல்லாந்தர் காலத்திலேயே தொடங்குகிறது. ஜாவா, மக்காசர் முதலிய தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் கூலிக்குப் பிடித்த சிப்பாய்களையும், அரசியல் காரணங்களுக்காக நாடுகடத்திய அரச குடும்பத்தவர்களையும் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தபோது அந்தச் சிப்பாய்களும் கை மாறினார்கள். முதலில் மலாய்ப் படை என்று அழைக்கப்பட்டது, பிறகு இலங்கைப் படையணிகளில் முதலாவதாயிற்று. 1827 அளவில் றைபிள் என்ற பெயர் ஏறியது. படையணி கலைந்தபின் அவர்களின் பிள்ளைகள் பொலிஸுக்கும் சிறைச்சாலைக்கும் தீயணைப்புப் படைக்கும் தோட்டங்களுக்கும் பிரிந்து போனார்கள்.

இந்தத் தடங்களை வரிசையாகப் பார்த்துவர வேண்டுமென்று என்னை இழுத்துக்கொண்டு போனவர் இலங்கை இராணுவத்தில் 22 வருடம் சேவை செய்து ஓய்வுபெற்ற ஒரு சார்ஜன்ட். மலாய்க் குடும்பத்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ‘நானா’ என்றே எழுதுகிறேன். அவரிடம் ஒரு பழைய டொல்பின் வேன் இருந்தது, என்னிடம் சில புத்தகங்கள் இருந்தன. ஐந்து நாள், கொழும்பு, கண்டி, ஹம்பாந்தோட்டை.

இந்த வயதில் இந்த ஆசை எதற்கு என்று கேட்டேன். 2019 ஏப்ரலுக்குப் பிந்திய நாட்களில் ஒரு வீதித் தடையில் அவரை இறக்கி வைத்து, அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்களாம். பென்ஷன் அட்டையைக் காட்டிய பிறகும் ஒரு பொடியன் கேட்டானாம், “ஒங்கட ஆக்கள் யாரோட பக்கம்?” என்று. “தம்பி, அவனுக்கு நான் பதில் செல்லல்ல. என்ட மகனுக்குச் செல்லோணும். அதுக்குத்தான் பொய்ப் பாக்கோணும்” என்றார்.

முதலில் கொழும்பு தேசிய நூதனசாலை. 1877 ஜனவரி முதலாம் திகதி, தேசாதிபதி கிரெகரியின் காலத்தில் திறக்கப்பட்ட கட்டிடம். அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார், சேர் ராஸிக் பரீதின் பாட்டனார். என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்று மரிக்கார் சொன்னதாகவும் நம்மவரிடையே ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது.

உள்ளே கண்டி மன்னர்களின் சிம்மாசனம் இருக்கிறது. ஒல்லாந்தர் 1693இல் கொடுத்தது. ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்தது. அதில் அமர்ந்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருவான். நானா அதிக நேரம் நின்றது அங்கேயல்ல, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்லின் முன்னால். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. 1911இல் அதைக் கண்டெடுத்தபோது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. பாரசீகப் பகுதிதான் மிக மோசமாகத் தேய்ந்திருக்கிறது. செங் ஹ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்று சொன்னேன். “அப்ப இவரும் யூனிபோர்ம் போட்ட நம்மட ஆள்தானே” என்றார் நானா.

சிம்மாசனம், வாள், துப்பாக்கி, தேசாதிபதியின் படம் எல்லாம் உண்டு. துப்பாக்கியைத் தூக்கிச் சென்றவனின் பெயர் அப்படிப்பட்ட இடங்களில் அபூர்வம். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையல்ல, உலகெங்கும் நூதனசாலைகள் அப்படித்தான். அந்தப் பெயர்களைத் தேடுவதென்றால் பள்ளிவாசல்களுக்குத்தான் போக வேண்டும். கொம்பனித்தெரு வேகந்தைப் பள்ளி 1786இல் பந்தான் பாலி என்பவரால் கட்டப்பட்டது. புதிய சோனகத் தெரு பெரிய பள்ளிவாசலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டு மாடியாக வடிவமைத்தவர் முகம்மத் பலங்காயா, அவரும் மலாய்ப் பிரமுகர். சோனகரின் பள்ளியை மலாய்க்காரர் கட்டியிருக்கிறார். இன்று ‘நாங்கள் வேறு, அவர்கள் வேறு’ என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கண்டிக்கு ஏறும் வழியில் கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலையையும் டோசன் கோபுரத்தையும் எட்டிப் பார்த்தோம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்ல இடம். எங்கள் வேலை அதற்கு அப்பால், வட்டாபுளுவையில் இருந்தது.

வட்டாபுளுவை மகாவலிக் கரையில் இருக்கிறது. 1950களில் மினெட் டி சில்வா வடிவமைத்த வீடமைப்புத் திட்டத்தினால் இன்று பலருக்கும் அந்தப் பெயர் தெரியும். ‘டேவியின் மரம்’ என்று சொல்லப்பட்ட மரம் நின்ற இடத்தில் ஒரு கல் நாட்டியிருக்கிறார்கள். மேஜர் அடம் டேவி கண்டியிலிருந்த ஆங்கிலேயக் காவற்படைக்குத் தளபதி.

1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்பவரை அரசனாக்கினார்கள். பிறகு மழையும் காய்ச்சலும் வந்தன. ஜெனரல் மக்டொவல் பெரும்பகுதிப் படையோடு இறங்கிப் போய்விட்டார். டேவியிடம் எஞ்சியது நோயாளிகளும் மலாய்ப் படையினரும்தான். ஜூன் 24ஆம் திகதி கண்டியர் தாக்கினார்கள். டேவி சரணடைந்து, திருகோணமலைக்குப் போக அனுமதி பெற்றுப் புறப்பட்டார். வட்டாபுளுவையில் ஆறு பெருக்கெடுத்திருந்தது, கடக்க முடியவில்லை. அங்கே வைத்து முத்துசாமியைக் கேட்டார்கள், டேவி கொடுத்துவிட்டார். அவர் கொல்லப்பட்டார். அடுத்து ஆயுதங்களைக் கேட்டார்கள், அதையும் கொடுத்தார். ஆயுதம் கைமாறியதும் வெள்ளைச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் காயங்களோடு தப்பிப் போய்ச் செய்தி சொன்னார். டேவி கண்டியிலேயே கைதியாக இருந்து பல வருடங்களுக்குப் பிறகு இறந்தார்.

இவ்வளவும் பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். நாங்கள் தேடி வந்தது மற்றக் கதை. அந்தக் காவற்படையின் மலாய் அதிகாரிகளில் முதன்மையானவர் கப்டன் நூருத்தீன். மக்காசரின் கோவா அரசராக இருந்து, 1767இல் ஒல்லாந்தரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட பத்தாரா கோவாவின் மகன்களில் ஒருவர். அவருடைய இன்னொரு சகோதரர் சங்குங்லோ அதற்கு முன்பே கண்டிக்குப் போய், அரசனின் மலாய்ப் படைக்குத் தலைவராகியிருந்தார். ஜூன் 24இல் தாக்க வந்தவர்களில் சங்குங்லோ இருந்தார். தாக்கப்பட்டவர்களில் நூருத்தீன் இருந்தார். ஒரு தகப்பனின் பிள்ளைகள். அன்றைய சண்டையிலேயே சங்குங்லோ விழுந்தார்.

நூருத்தீனையும் அவரோடிருந்த மற்றச் சகோதரரையும் அரசன் முன் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயரின் குறிப்புகள் சொல்வது இதுதான்: விழுந்து வணங்கும்படி கட்டளை வந்தது, அவர்கள் மறுத்து, மரியாதையாக ஸலாம் மட்டும் செய்தார்கள். என் படையில் சேருங்கள், உங்கள் சகோதரனின் இடத்தைத் தருகிறேன் என்ற பொருளில் அரசன் கேட்க, தாம் இங்கிலாந்து மன்னருக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர்கள் என்று நூருத்தீன் மறுத்துவிட்டார். சில நாள் அடைத்து வைத்துத் திரும்பக் கேட்டார்கள். பதில் மாறவில்லை. இருவரும் கொல்லப்பட்டார்கள். அவர்களின் கீழிருந்த சிப்பாய்களில் பலர் உயிர் பிழைக்க அரசனின் சேவையில் சேர்ந்தார்கள்.

நூருத்தீனின் விசுவாசத்தை மலாய் மக்களின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். நானும் அதைக் கேட்டே வளர்ந்தவன். கல்லுக்கு முன்னால் நின்று அதை நான் சொன்னபோது நானா குறுக்கே கேட்டார்: “மத்தவர் என்ன சென்னார்?”

“யார்?”

“சங்குங்லோ. அவரும் படைக்கு முன்னுக்கு நிண்டுதானே மௌத்தானார். அவர் ஒண்டும் செல்லல்லயா?”

இந்தக் கேள்விக்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன் என்றாலும் பிழையில்லை. நூருத்தீன் பேசிய வார்த்தைகள் நமக்குக் கிடைத்தது ஆங்கிலேயர் எழுதியதால். தங்களுக்காக உயிர் விட்டவனைப் பற்றி அவர்கள் எழுதினார்கள், அது இயல்பு. எதிர்ப்பக்கத்தில் விழுந்தவனின் வாயில் அவர்கள் எந்த வார்த்தையையும் வைக்கவில்லை. அந்நியப் படையை விரட்டிய வெற்றி என்று 1803ஐக் கொண்டாடும் தேசிய வரலாறாவது அவரை எடுத்திருக்க வேண்டும். அங்கேயும் மலாய்ப் படைத் தலைவன் ஒருவன் என்று ஒரு வரியில் கடந்து போய்விடுகிறார்கள். நாமோ, யார் எழுதித் தந்தார்களோ அவர்களின் கண்ணாலேயே நம் வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் பார்த்து, ஒருவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். ‘ஒங்கட ஆக்கள் யாரோட பக்கம்’ என்ற அந்தப் பொடியனின் கேள்விக்கு 1803இல் ஒற்றைப் பதில் இல்லை. சத்தியத்தைக் காத்து ஒருவர், புகலிடம் தந்த அரசனுக்காக ஒருவர், பிள்ளை குட்டியை நினைத்துப் பக்கம் மாறியவர்கள் பல பேர். மூன்று வகையினரும் நம்மவர்கள்தான்.

நூருத்தீன் செய்ததே சரி என்று கடைசிவரை நான் வாதாடினேன், சத்தியம் சத்தியம்தானே. நானா ஒத்துக்கொள்ளவில்லை. சத்தியம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். போகம்பறை மலாய்ப் பள்ளியில் ளுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தும் அந்த வாதம் முடியவில்லை.

மறுநாள் கண்டி யுத்த மையவாடிக்குப் போனோம். இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்த ஆங்கிலேயர், இந்தியர், இலங்கையர், கிழக்கு ஆபிரிக்கர் எல்லோருக்கும் அங்கே ஒழுங்கான வரிசை. பதவி பார்த்துக் கல்லின் அளவு மாறாது. புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். முஸ்லிம் பெயருள்ள கல் ஒன்றின் முன் நானா பாத்திஹா ஓதினார். பிறகு பேச்சு இந்தக் காலத்துக்கு வந்தது. இராணுவப் புலனாய்வு அதிகாரி துவான் நிஸாம் முத்தலிப் 2005 மே 31ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டபோது நானா சேவையில் இருந்தவர். “அவர் பேரு எல்லாருக்கும் தெரியும். எங்கட கேம்ப்ல நிண்ட சாதாரண பொடியன்மார்ட பேரு?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

எல்ல, வெல்லவாய வழியாக ஹம்பாந்தோட்டைக்கு இறங்கினோம். அங்கேயும் கிரிந்தையிலும் மலாய்க் குடியிருப்புகள் பழமையானவை. வீடுகளில் மலாய் மொழி இன்னும் கேட்கிறது. பழைய கடதாசி, பட்டாளத்து மெடல், கையெழுத்துக் கிதாபு ஏதும் இருக்கிறதா என்று மூன்று வீடுகளில் விசாரித்தோம். மூன்றிலும் ஒரே பதில்: “சுனாமி கொண்டு போச்சு.” 2004 டிசம்பர் 26 அந்த ஊரில் ஆட்களையே கொண்டு போனது. கடதாசியைப் பற்றி மேலும் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அப்படிப்பட்ட கடதாசிகள் இருந்தன என்பது நிச்சயம். றைபிள் படையினர் வெறும் துப்பாக்கிக்காரர்கள் அல்லர். அரபெழுத்தில் மலாய் எழுதினார்கள். ஹிகாயத்துகளையும் ஷாயிர்களையும் இரவிரவாகப் பிரதி பண்ணினார்கள். தமிழோடும் அரபுத்தமிழோடும் புழங்கினார்கள். 1869இல் பாபா யூனுஸ் சல்டின் கொழும்பில் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையைக் கல்லச்சில் வெளியிட்டார். உலகின் ஆரம்பகால மலாய்ப் பத்திரிகைகளில் அதுவும் ஒன்று. அதை வாசிக்கச் சிப்பாய் வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். நூறு வருடம் கழித்துக் கலாநிதி பீ. ஏ. ஹுஸைன்மியா வீடுவீடாகப் போய் எஞ்சியிருந்த ஏடுகளைத் தேடினார். அவர் சேகரித்தவை மைக்ரோபிலிமாகத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ‘ஒராங் றெஜிமென்’ என்ற அவரது நூல் 1990இல் வெளிவந்தது. சுனாமிக்கு முன்பே அவர் அந்த வேலையைச் செய்துவைத்தது நம் அதிர்ஷ்டம். சங்குங்லோவைப் பற்றி ஒரு வரியாவது இனிக் கிடைப்பதென்றால், அப்படி ஏதோவொரு வீட்டுப் பெட்டியிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

கொழும்புக்குத் திரும்பியதும் நானா ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, தன்னோடு சேவை செய்த முஸ்லிம் பொடியன்மாரின் பெயர், ஊர், றெஜிமென்ட், மௌத்தான இடம் என்று எழுதத் தொடங்கியிருக்கிறார். சிங்களத்தில் எழுதுகிறார், அதுதான் அவருக்குக் கைக்கு ஓடுகிறது. வாசகர்கள் வீட்டில் பாட்டன்மாரின் பட்டாளத்துக் கடதாசியோ, புரியாத எழுத்தில் உள்ள கிதாபோ கிடந்தால் எரிக்கவோ கடலில் விடவோ வேண்டாம். போனிலாவது படம் எடுத்து, எந்த ஊர், யாருடையது என்று பின்னால் எழுதி வையுங்கள்.